ஒரு விதவையின் மனுவும் மூன்றாவது இலக்கும்

போன மாதம் உங்களில் இரண்டு பேர் என்னுடைய பழைய பாடத்திட்டத்தைக் கேட்டு வாங்கினீர்கள். கல்லூரியில் முதல் தடவையாக ஆரம்பகால அமெரிக்க வரலாறு படிப்பிக்கப் போகிறீர்கள், முதல் பக்கத்தில் போடவேண்டிய கற்றல் இலக்குகளுக்கு ஒரு மாதிரி வேண்டும் என்றீர்கள். அனுப்பிவைத்தேன். பிறகு இரண்டு பேருமே ஒரே கேள்வியைக் கேட்டீர்கள். ஏழு இலக்குகளில் ஆறு சாதாரணமாக இருக்கின்றன, மூன்றாவது மட்டும் ஏன் சட்டத்தரணி எழுதினது மாதிரி இவ்வளவு நீளம்?

அது நீண்டதற்கு ஒரு மாணவி காரணம். ரெலிபோனில் சொல்லி முடிக்கிற கதை இல்லை என்பதால் எழுதுகிறேன். அவவுடைய பெயரையும், அவவை அடையாளம் காட்டக்கூடிய சில விபரங்களையும் மாற்றியிருக்கிறேன். மலர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

தொண்ணூறுகளின் தொடக்கம். யாழ்ப்பாணத்தில் பதினொரு வருஷம் வரலாறு படிப்பித்துவிட்டு ரொறன்ரோவுக்கு வந்தவன் நான். சென் ஜேம்ஸ் ரவுணில் பதினாலாம் மாடியில் ஒரு அறை வீடு, மனைவி, இரண்டு பிள்ளைகள், மட்டைப்பெட்டி செய்கிற தொழிற்சாலையில் வேலை. அந்த வேலையோடேயே பகுதிநேரமாகப் படித்து எம்.ஏ. முடித்தேன். நகரின் கிழக்குப் பக்கத்துக் கல்லூரி ஒன்றில், அமெரிக்க வரலாறு படிப்பித்தவர் வகுப்புத் தொடங்க இரண்டு கிழமை இருக்கும்போது விலகிவிட்டார். என்னைக் கூப்பிட்டார்கள். அமெரிக்க வரலாறு தெரியுமா என்று கேட்டபோது தெரியும் என்றேன். உண்மையில் எம்.ஏ.யில் ஒரே ஒரு பாடம்தான் படித்திருந்தேன். மிச்சத்தை சப்வேயில் போகவரப் படித்தேன்.

ஊரில் அமெரிக்கப் புரட்சியை நான் பன்னிரண்டு பக்கத்தில் முடித்துவிடுவேன். வரி, தேயிலை, போர், விடுதலை. இங்கே வந்து படிக்கும்போதுதான் ஒரு விஷயம் என்னைப் பிடித்து உலுக்கியது. அந்தப் போரில் தோற்ற பக்கத்துக்கு என்ன நடந்தது? அரசருக்கு விசுவாசமாக நின்றவர்கள் வீடு வளவை விட்டுவிட்டு வடக்கே நடந்து வந்திருக்கிறார்கள். இந்த மாகாணத்திலேயே குடியேறியிருக்கிறார்கள். நான் தினமும் பஸ்ஸில் போகிற தெருக்கள் சிலவற்றுக்கு அவர்களுடைய பெயர்கள்தான். பதினொரு வருஷம் அந்தப் பாடத்தைப் படிப்பித்தவன், தோற்றவர்கள் எங்கே போனார்கள் என்று ஒருநாளும் கேட்டதில்லை. நானே அப்படி ஒரு இடத்திலிருந்து நடந்து வந்த பிறகுதான் கேட்டேன்.

இரண்டாவது செமெஸ்ரரில், எல்லாப் பாடத்துக்கும் கற்றல் இலக்குகள் எழுதித் தரவேண்டும் என்று கல்லூரி அறிவித்தது. ஒரு பின்னேரத்தில் எழுதி முடித்தேன். மாணவர்கள் குடியேற்றங்களின் வரலாற்றை அறிந்துகொள்வார்கள், அடிமைமுறையின் தன்மையை உணர்ந்துகொள்வார்கள், புரட்சியின் காரணங்களை விளங்கிக்கொள்வார்கள். இப்படிப் பதினைந்து.

எங்கள் துறைக்குத் தலைவி கிழக்குக் கரையைச் சேர்ந்த வெள்ளைக்காரப் பெண்மணி. என்னைவிட ஆறேழு வயது இளையவ. எந்த நேரமும் கையில் ஒரு பென்சில் இருக்கும். நான் எழுதியதை வாங்கி, வினைச்சொற்களை மட்டும் வட்டம் போட்டா. பதினைந்து வட்டம்.

“ஒருவர் விளங்கிக்கொண்டார் என்று நீங்கள் எப்படிக் கண்டுபிடிப்பீர்கள்?” என்று கேட்டா.

முகத்தைப் பார்த்தால் தெரியும் என்றேன். ஆசிரியத் தொழிலில் எனக்கு அவ்வளவு நம்பிக்கை.

“அமெரிக்க வரலாறு தெரியும் என்று நீங்கள் சொன்னபோது நானும் உங்கள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்” என்றா.

எனக்குச் சுட்டுவிட்டது. ஆனால் வீட்டுக்குப் போகிற வழியில் கோபம் போய் வேறொன்று வந்தது. செப்டம்பரில் என் வகுப்புக்குள் வருகிறவர் டிசம்பரில் வெளியே போகும்போது, வரும்போது செய்யமுடியாத எதைச் செய்யக்கூடியவராக இருக்கவேண்டும்? பதினொரு வருஷத்தில் இந்தக் கேள்வியை யாரும் என்னிடம் கேட்டதில்லை. ஊரில் சோதனைதான் இலக்கு. எத்தனை பேர் பாஸ் என்றுதான் கேட்பார்கள். ஒரு கிழமை முழுவதும் அந்தக் கேள்வியோடு திரிந்தேன். பதினைந்தை ஏழாக்கினேன். நேரே கண்ணால் பார்க்கக்கூடிய வினைகள்: ஒப்பிடுவார்கள், வரிசைப்படுத்துவார்கள், எதிர்வாதம் சொல்வார்கள்.

மூன்றாவது இலக்கு இப்படி இருந்தது. அந்தக் காலத்து ஆவணம் ஒன்றை எடுத்து, அது யாரால், யாருக்காக, எதற்காக எழுதப்பட்டது என்று கேட்டு, அதில் எதை எவ்வளவு நம்பலாம் என்று காரணத்தோடு சொல்வார்கள். தேவையான இடத்தில் தங்கள் சொந்த அனுபவத்தையும் சான்றாகக் கொண்டுவருவார்கள்.

அந்தக் கடைசிப் பகுதியில் எனக்குப் பெருமை. என் வகுப்பில் முப்பது பேர் இருந்தால் இருபது பேர் வேறு நாட்டிலிருந்து வந்தவர்கள். போர் பார்த்தவர்கள், எல்லை தாண்டியவர்கள். இவர்களுக்குத் தெரிந்தது புத்தகத்தில் இல்லை, அதை வகுப்புக்குள் கொண்டுவரவேண்டும் என்று நினைத்தேன். தலைவியின் பென்சில் அந்த வசனத்தில் கொஞ்ச நேரம் நின்றது. நல்ல வசனம்தான், ஆனால் தனக்கு ஏனோ ஒரு தயக்கம் இருக்கிறது என்று சொன்னா. காரணம் கேட்டேன். சொல்லத் தெரியவில்லை என்றா. அப்படியே விட்டுவிட்டோம்.

அந்த இலக்குக்கு நான் பயன்படுத்திய ஆவணம் ஒரு விதவையின் மனு. மாகாண ஆவணக் காப்பகத்தில் மைக்ரோபிலிம் சுருளில் கண்டெடுத்தது. போருக்குப் பிறகு, அரசருக்காக எல்லாவற்றையும் இழந்தவர்களுக்கு நட்டஈடு கொடுக்க பிரித்தானியா ஓர் ஆணைக்குழுவை அமைத்தது. அதற்கு இந்தப் பெண் எழுதியிருக்கிறா. நியூயோர்க் பக்கத்தில் ஒரு பள்ளத்தாக்கில் வீடு இருந்தது, நாலு மாடு, நூல் நூற்கிற ராட்டினம் ஒன்று, இறகு மெத்தை ஒன்று, ஓடாத ஒரு சுவர் மணிக்கூடு. கிளர்ச்சிக்காரர் வந்து புருஷனை என் கண் முன்னால் இழுத்துக்கொண்டு போய்க் கொன்றார்கள். பிள்ளைகளோடு வடக்கே நடந்து வந்தேன். இவ்வளவும் ஒன்றரைப் பக்கத்தில்.

இரண்டு செமெஸ்ரரில் இதை வகுப்பில் உரக்க வாசித்தேன். புருஷனைக் கொண்டுபோகிற இடத்தில் என் குரல் கொஞ்சம் மாறும். ஒவ்வொரு வரியையும் நம்பினேன். மூன்றாவது செமெஸ்ரரில் அதை வகுப்பில் கொடுக்காமல் இறுதிச் சோதனையில் கொடுத்தேன். இந்த மனுவை எவ்வளவு தூரம் நம்பலாம், ஏன், விரும்பினால் சொந்த அனுபவத்தையும் பயன்படுத்தலாம். இதுதான் கேள்வி.

மலர் அந்த வகுப்பில் இருந்தா. முப்பத்துநாலு வயது. காலையில் ஒரு ஹோட்டலின் சலவைப் பகுதியில் வேலை செய்துவிட்டு மத்தியான வகுப்புக்கு வருவா. ஜன்னல் பக்கம் இரண்டாவது வரிசை. வகுப்பில் வாய் திறப்பதில்லை. நடைபாதையில் கண்டால் ‘வணக்கம் சேர்’ என்று தமிழில் சொல்லிவிட்டுப் போவா. ஒருநாள் பஸ்ஸில் பக்கத்தில் இருந்தபோது மட்டும் கொஞ்சம் கதைத்தா. அகதிக் கோரிக்கை ஏற்கப்பட்டுவிட்டது. ஆனால் ஊரிலிருந்து கடவுச்சீட்டு இல்லாமல் வந்ததால் நிரந்தரமாக இருக்க விடுகிற லாண்டட் பேப்பர் வரவில்லை, நாலாவது வருஷமாக இழுபடுகிறது. அது வந்தால்தான் மகளைக் கூப்பிடலாம். மகள் வவுனியாவில் மாமியோடு இருக்கிறாள், ஒன்பது வயது.

டிசம்பரில் ஒரு திங்கட்கிழமை, வீட்டுக் குசினி மேசையில் இருந்து விடைத்தாள் திருத்தினேன். பெரும்பாலானவர்கள் விதவைக்காக இரக்கப்பட்டிருந்தார்கள். கொஞ்சப் பேர் அவ பக்கச்சார்பாக எழுதுகிறா என்று ஒரு சொல்லில் முடித்திருந்தார்கள். பிறகு மலருடைய தாள் வந்தது. இலக்கணப் பிழைகள் நிறைய. ஆனால் இரண்டாவது பந்தியில் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன்.

மலர் அந்த மனுவையும் தன் சொந்த அகதிக் கோரிக்கையையும் வரிக்கு வரி பக்கத்தில் வைத்திருந்தா. மணிக்கூடு உண்மை என்று எழுதியிருந்தா. நட்டஈடு வாங்குவதற்காகப் பொய் சொல்கிற ஒருவர் அது ஓடாத மணிக்கூடு என்று சொல்லமாட்டார். ஆகவே பொருட்களின் பட்டியல் அந்தப் பெண் தன் வாயால் சொன்னது. ஆனால் புருஷனின் பகுதி வேறு ஆளுடைய கை. மாடு, மெத்தை பற்றிய வசனங்கள் குட்டையாக இருக்கின்றன, ஒரு பெண் கதைக்கிற மாதிரி. புருஷனைப் பற்றிய வசனம் நீளமாக, அலங்காரமாக இருக்கிறது. அது மனு எழுதுகிறவர் வைத்த வசனம். இது தனக்கு எப்படித் தெரியும் என்றால், தன் கோரிக்கையிலும் அப்படி ஒரு பந்தி இருக்கிறது. இராணுவம் கதவை உடைத்து உள்ளே வந்ததாக அதில் இருக்கிறது. உண்மையில் அது நடந்தது இரண்டு வீடு தள்ளி. தன் வீட்டுக்கு வந்தவர்கள் வாசலில் நின்று பெயர்களை எழுதிக்கொண்டு போனார்கள், அவ்வளவுதான். அன்றிலிருந்து தான் உடுப்பைக் கட்டிக்கொண்டு கதவுக்குப் பக்கத்தில் படுத்தது உண்மை, ஓடிவந்தது உண்மை. ஆனால் படிவம் நிரப்பித் தந்தவர், வாசலில் நின்றதெல்லாம் காணாது, இதைப் போட்டால்தான் மிச்சத்தை நம்புவார்கள் என்று சொன்னாராம்.

முடிவில் இப்படி எழுதியிருந்தா: இந்த மனுவில் ஒரு வசனம் பொய்யாக இருக்கலாம், ஆனால் பயம் பொய் இல்லை. யாருக்கு அந்த வசனம் தேவைப்பட்டது என்றுதான் கேட்கவேண்டும்.

எழும்பிப்போய் ஜன்னலால் வெளியே பார்த்துக்கொண்டு நின்றேன். இரண்டு தடவை படிப்பித்த ஆவணத்தை நான் இன்னும் வாசிக்கவே இல்லை என்று விளங்கியது. முழுப் புள்ளியும் போட்டேன். அன்று பின்னேரம் முழுவதும் எனக்கு ஒரே சந்தோஷம். வேறு எதுவும் மனதில் ஓடவில்லை.

இதிலே நீங்கள் தெரிந்துகொள்ளவேண்டிய இன்னொரு விஷயம் இருக்கிறது. அது எல்லா இடத்திலும் செலவை வெட்டிக் குறைத்துக்கொண்டிருந்த காலம். கனடாவில் இருக்கிற பிள்ளைகளுக்கு அமெரிக்க வரலாறு எதற்கு என்று கல்லூரிக்குள்ளேயே கேட்டார்கள். ஒவ்வொரு இலக்குக்கும் அதை எட்டிய ஒரு மாணவரின் விடைத்தாளைக் கொண்டுவந்து காட்டவேண்டும், காட்டமுடியாத பாடங்கள் முதலில் போகும் என்று பீடாதிபதி அறிவித்திருந்தார். மூன்று பேர் கொண்ட குழு, பீடாதிபதியும் வெளியிலிருந்து இரண்டு பேரும். கூட்டம் அந்த வியாழக்கிழமை. நான் ஒப்பந்தத்தில் இருந்தவன். பாடம் போனால் நானும் போவேன்.

ஆறு இலக்குகளுக்குத் தாள்கள் இருந்தன. மூன்றாவதுக்கு மலருடைய தாள் ஒன்றுதான். செவ்வாய்க்கிழமை காலை அதைப் பிரதி எடுக்கப் போனேன். மெஷினின் மூடியைத் திறந்து தாளைக் கவிழ்த்து வைத்த பிறகுதான், நான் என்ன செய்யப்போகிறேன் என்பது எனக்குத் தெரிந்தது. தன் கோரிக்கையில் ஒரு பந்தி பொய் என்று தன் கைப்பட எழுதிய தாள் இது. லாண்டட் பேப்பருக்கு இன்னும் காத்துக்கொண்டிருக்கிறவ. பெயரை மறைக்கலாம். ஆனால் ஹோட்டல் வேலை, வந்த வருஷம், விசாரணை நடந்த மாதம் எல்லாம் விடைக்குள்ளேயே இருக்கிறது. வெளியிலிருந்து வருகிற இரண்டு பேரும் யார், எங்கே வேலை செய்கிறவர்கள் என்று எனக்குத் தெரியாது.

தாளைத் திரும்ப எடுத்துக்கொண்டு என் மேசைக்கு வந்தேன். அந்தப் பந்தியை மட்டும் கறுப்பு மையால் அழித்துப் பார்க்கலாமா என்று யோசித்தேன். விடை முழுவதும் இரண்டு மனுக்களையும் ஒப்பிடுவது. ஒன்றை அழித்தால் மற்றது வெறும் ஊகமாகிவிடும். பிறகு இன்னொரு யோசனை வந்தது. நானே இதைப் புதிதாக ரைப் பண்ணி, நாட்டை மாற்றி, சம்பவத்தை மாற்றி, குழு நம்பக்கூடிய மாதிரி ஒரு தாள் செய்தால் என்ன? இரண்டு வசனம் எழுதியும் விட்டேன். அப்போதுதான் உறைத்தது. மலருக்குப் படிவம் நிரப்பிக்கொடுத்த மனுஷர் செய்த அதே வேலையை, அதே காரணத்துக்காக நானும் செய்துகொண்டிருக்கிறேன். எழுதியதைக் கிழித்துப் போட்டேன். ஆனால் பிரதி எடுக்கப் போன இடத்தில் அந்த மனுஷர் மேல் வந்த கோபம் அதோடு போய்விட்டது.

தலைவியிடம் போனேன். மூன்றாவது இலக்குக்கு ஒரு தாள் இருக்கிறது, ஆனால் அதில் ஒரு சிக்கல் என்று தொடங்கினேன். பென்சிலைக் கீழே வைத்துவிட்டு என்னை நிறுத்தினா.

“அதில் என்ன எழுதியிருக்கிறது என்று எனக்குச் சொல்லவேண்டாம். சொன்னால் என்னைக் கேட்கும்போது நான் பதில் சொல்லவேண்டி வரும். ஒன்று மட்டும் கேட்கிறேன். எழுதியவரிடம் கேட்டீர்களா?”

கேட்கவில்லை. மலருடைய தாளை வைத்துக்கொண்டு, காட்டலாமா, அழிக்கலாமா, மாற்றலாமா என்று ஒரு நாள் முழுவதும் மண்டையைப் போட்டு உடைத்திருக்கிறேன். மலரிடம் கேட்கவேண்டும் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. உங்களுக்கும் இது நடக்கும். மாணவரைப் பற்றி முடிவெடுக்கிற அவசரத்தில் மாணவர் ஒருவர் இருக்கிறார் என்பதையே மறந்துபோவீர்கள்.

புதன்கிழமை மலரை வரச்சொன்னேன். என் அறையில் இன்னும் மூன்று ஆசிரியர்கள் இருந்ததால் வெளியே பஸ் தரிப்பிடத்துக் கண்ணாடிக் கூட்டுக்குள் போய் நின்றோம். நல்ல குளிர். விடை மிகவும் நன்றாக இருக்கிறது, நான் படிப்பித்த காலத்தில் இப்படி ஒன்றை வாசித்ததில்லை என்று சொன்னேன். பிறகு குழுவைப் பற்றிச் சொன்னேன். மலருடைய முகத்தில் இருந்த சிரிப்பு மெல்ல மெல்லப் போனது.

“நான் அதைக் கல்லூரிக்கு எழுதேல்லை சேர்” என்றா. “சொந்த அனுபவத்தையும் எழுதலாம் எண்டு போட்டிருந்தியள். நீங்கள் கேட்டியள் எண்டு எழுதினன்.”

கேட்டது நான்தான். தலைவியின் பென்சில் ஏன் அந்த வசனத்தில் நின்றது என்று அந்தக் குளிருக்குள் நின்றபோதுதான் எனக்கு விளங்கியது. அனுபவத்தைக் கொண்டுவாருங்கள் என்று அழைத்தேன். கொண்டுவந்தால் அதை எங்கே வைப்பது என்று நான் யோசிக்கவில்லை.

வேண்டாம் என்றால் யாரும் பார்க்கமாட்டார்கள் என்று சொன்னேன்.

“காட்டாட்டி உங்களுக்கு என்ன நடக்கும்?”

“ஒண்டும் நடக்காது.”

என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தா. “உதை நான் நம்பேல்லை சேர். நீங்கள் யாருக்காகச் சொல்லுறியள் எண்டு தெரியுது.”

அந்த நிலைமையிலும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நான் படிப்பித்ததை என்னிலேயே பரீட்சித்துப் பார்க்கிறா. பிறகு உள்ளதைச் சொன்னேன். பாடம் போகலாம், அதோடு என் வகுப்பும் போகலாம். மலர் ஏறவேண்டிய பஸ் வந்து, கதவு திறந்து, மூடிப் போனது.

“என்ரை பிள்ளை அங்க நிக்கிறாள் சேர்” என்றா கடைசியில்.

“காணும் மலர்” என்றேன். “இதுக்கு மேல ஒண்டும் சொல்லவேண்டாம்.”

வியாழக்கிழமை குழுவின் முன்னால் ஆறு தாள்களை வைத்தேன். மூன்றாவது எங்கே என்று கேட்டார்கள். காட்டுவதற்கு இல்லை என்றேன். அப்படியென்றால் அந்த இலக்கை யாரும் எட்டவில்லையா என்று வெளியிலிருந்து வந்தவர்களில் ஒருவர் கேட்டார். அமைதியான மனிதர், குற்றம் பிடிக்க வந்தவர் மாதிரித் தெரியவில்லை. இல்லை என்று சொல்லியிருந்தால் விஷயம் அதோடு முடிந்திருக்கும். ஆனால் மலர் எழுதியதை இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

“ஒருவர் எட்டினார். தாளைக் காட்டமாட்டேன். இலக்கை நான் பிழையாக எழுதியிருக்கிறேன். அதை நன்றாக எட்டுகிறவர் தன்னைத்தானே காட்டிக்கொடுக்கவேண்டி வருகிறது.”

பீடாதிபதி, என்னோடு வந்திருந்த தலைவியின் பக்கம் திரும்பி, நீங்கள் அந்தத் தாளைப் பார்த்தீர்களா என்று கேட்டார். பார்க்கவில்லை என்று சொன்னா. இவர் காட்டவில்லை என்றால் காட்டக்கூடாத தாளாகத்தான் இருக்கும், அதைக் கேட்டு வாங்கிப் பார்ப்பது தன் வேலை இல்லை என்றும் சொன்னா. பீடாதிபதி படிவத்தில் சான்று இல்லை என்று குறித்துக்கொண்டார்.

பாடம் தப்பியது. ஆனால் இரண்டு வகுப்பு ஒன்றானது. அந்த ஒன்று நிரந்தரமாக இருந்த ஆசிரியருக்குப் போனது. இரண்டு செமெஸ்ரர் எனக்குக் கல்லூரியில் வேலை இல்லை. ஒரு தேவாலய மண்டபத்தில் புதிதாக வந்தவர்களுக்கு ஆங்கிலம் படிப்பித்தேன். வகுப்பு ஏன் போனது என்று மனைவிக்குக்கூட நான் சொல்லவில்லை. நான் யாரோடோ வாய்காட்டித்தான் வேலையை விட்டேன் என்று அவ கனகாலம் நினைத்துக்கொண்டிருந்தா. பிறகு கல்லூரியில் ஓர் இடம் வெறுமையானதும் தலைவி கூப்பிட்டா. முதல் வேலையாக மூன்றாவது இலக்கைத் திருத்தி எழுதினேன். இருவருமாக இரண்டு மணித்தியாலம் இருந்து எழுதினோம்.

உங்களுக்கு நீளமாகத் தெரிவது அதுதான். மாணவர் தன் அனுபவத்திலிருந்து ஒரு கேள்வியை எடுக்கலாம், அந்த அனுபவத்தை எழுதவேண்டியதில்லை. எழுதினாலும் அந்தத் தாள் மாணவருக்கே உரியது, மாணவரின் சம்மதம் இல்லாமல் வேறு யாருக்கும் காட்டப்படாது. சம்மதம் மறுத்தால் புள்ளி குறையாது. அழகான வசனங்கள் இல்லை, அழகுக்காக எழுதியதும் இல்லை. நீங்கள் ஒரு இலக்கு எழுதும்போது, அதை எட்டமுடியாதவரைப் பற்றி மட்டும் யோசிக்காதீர்கள். அதை மிக நன்றாக எட்டப்போகிறவர் யார், எட்டினால் அவருக்கு என்ன ஆகும் என்றும் ஒருதரம் யோசித்துப் பாருங்கள்.

சோதனைத் தாள்களைக் கல்லூரி அலமாரியில் வைத்து, ஒரு வருஷம் போனதும் அழிக்கவேண்டும் என்பது விதி. மலருடைய தாளை என் வீட்டில் வைத்திருந்து, வருஷம் முடிந்ததும் மலருடைய கையிலேயே கொடுத்தேன். அது விதிக்கு மாறானதுதான். லாண்டட் பேப்பர் பிறகு வந்தது, அதற்கும் பிறகு மகள் வந்து சேர்ந்தாள். விமானநிலையத்துக்கு நானும் மனைவியும் போனோம். அன்றுதான் மனைவிக்கு முழுக்கதையும் சொன்னேன்.

ஆனால் நான் கடைசியாகச் சொல்ல நினைத்தது, தாளைத் திருப்பிக் கொடுத்த அந்த நாளில் நடந்தது. மலர் தாளை மடித்துக் கைப்பையில் வைத்துவிட்டு, ஏதோ மறந்துபோனதைக் கேட்கிற மாதிரிக் கேட்டா. “அந்த மனுசிக்குக் குடுத்தவையோ சேர்?”

எந்த மனுசி என்று எனக்குப் பிடிபடக் கொஞ்சம் நேரம் எடுத்தது. பிடிபட்டபோது வெட்கமாக இருந்தது. அந்த விதவைக்கு நட்டஈடு கிடைத்ததா என்று எனக்குத் தெரியாது. மனு இருந்த பக்கத்தோடு நிறுத்தியிருந்தேன். அதற்கு அடுத்த பக்கத்தைத் திருப்பிப் பார்த்ததே இல்லை.

அடுத்த சனிக்கிழமை காலை இருவரும் ஆவணக் காப்பகத்துக்குப் போனோம். அதே சுருளை எடுத்து மெஷினில் மாட்டி, மனுவைக் கடந்து உருட்டினேன். ஆணைக்குழு விசாரித்த குறிப்பு பின்னால் இருந்தது. கையெழுத்துப் பொடியாக இருந்ததால் மலர் திரையில் விரலை வைத்து ஒவ்வொரு சொல்லாக வாசித்தா. அயலவர் ஒருவர் சாட்சி சொல்லியிருக்கிறார். வீட்டைத் தெரியும், மாடுகளைத் தெரியும். புருஷனையும் தெரியும், சண்டை அந்தப் பக்கம் வருவதற்கு முந்திய மாரிக் குளிரிலேயே காய்ச்சலில் செத்துப்போனான், சவப்பெட்டி தூக்கியவர்களில் தானும் ஒருவன். குறிப்பெடுத்தவர் அதை அப்படியே எழுதியிருந்தார். அதற்குக் கீழே தீர்ப்பு. வீட்டுக்கும் மாடுகளுக்கும் கொடுக்கலாம் என்று இருந்தது. புருஷனைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. கடைசியில், இந்தப் பெண் நேர்மையானவ என்று ஆணைக்குழு கருதுவதாக ஒரு வரி.

மலர் விரலை எடுக்கவில்லை.

“அப்ப அவைக்குத் தெரிஞ்சிருக்கு” என்றா.

“ஓம்.”

“தெரிஞ்சும் குடுத்திருக்கினம்.”

அந்தப் பக்கத்தை முதலிலிருந்து திரும்பவும் வாசித்தா. மற்ற மேசைகளில் இரண்டு மூன்று பேர் தங்கள் பரம்பரையைத் தேடிக்கொண்டிருந்தார்கள். போவோமா என்று கேட்க நினைத்தேன். ஆனால் மலர் நாற்காலியை மெஷினுக்குக் கிட்ட இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தா. அடுத்த மனு திரையின் ஓரத்தில் தொடங்குவது தெரிந்தது. வேறு ஒரு பெயர், வேறு ஒரு வீடு.

“இந்த ஆளுக்கு என்ன நடந்தது எண்டு பாப்பமோ சேர்?” என்று கேட்டா.

உருட்டினேன்.